உப்புத்தாளின் ஜீப்

என் வலது கால் செருப்பு ஒன்று அந்த மேட்டு ரோட்டில் எங்கேயோ கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் மண்ணோடு மண்ணாகியிருக்கும். ஆனால் அது போன விதம் மட்டும் எனக்கு மறக்காது. என் நாத்தனாரின் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டிக்கொண்டு போகிறார். நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கிக் குதித்தது, கால் சில்லென்றது. குனிந்து பார்த்தால் காலுக்கடியில் ரோடு ஓடுகிறது. செருப்பைக் காணோம்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க, என் செருப்பு போச்சு!" என்று கத்தினேன்.

"ஐயோ அக்கா, ஏறும்போதே சொல்ல மறந்துட்டேன். இந்த வண்டில காலைத் தூக்கிட்டுத்தான் உக்காரணும்," என்றார் அவர், வண்டியை நிறுத்தாமலே.

அந்த ஜீப்பில் பழகினவர்கள் எல்லோரும் அப்படித்தான். ஏறின உடனே முழங்காலை மடக்கிக் காலை மேலே தூக்கிக்கொள்வார்கள். துரு தின்று தின்று தரைத் தகடு சல்லடையாகக் கிடந்தது.

செருப்புக் கதை சொல்ல நான் வரவில்லை. என் நாத்தனார் கதையைச் சொல்ல வந்தேன். செருப்பு குறுக்கே வந்துவிட்டது.

என் மாமனார் டிரங்குப் பெட்டி செய்கிறவர். மூத்த பிள்ளை என் வீட்டுக்காரர். அடுத்து இரண்டு பெண்கள், அப்புறம் ஒரு பையன், அவன் சின்ன வயசிலேயே போய்விட்டான், கடைசியில் இவள். மற்ற பிள்ளைகள் பட்டறைப் பக்கமே போகாது. இவள் மட்டும் அப்பா தகரம் வெட்டினால் கூடவே வெட்டுவாள், மடித்தால் கூடவே மடிப்பாள். யார் எதைச் சொன்னாலும் எதிர்த்துத் தேய்ப்பாள் என்று, தகரம் தேய்க்கிற தாளின் பேரையே அண்ணன் அக்காமார் அவளுக்கு வைத்தார்கள், 'உப்புத்தாள்' என்று. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒரு புதுத் தகட்டைக் கையால் தூக்கி ஓரமாக வைத்தேன். மறுநாள் இவள் அந்தத் தகட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். பாவாடை கட்டின வயசு அப்போது.

"அண்ணி, உங்க கை வந்திருக்கு பாருங்க," என்றாள்.

பார்த்தால் என் ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே பழுப்புத் துருவாகத் தகட்டில் எழும்பி நிற்கிறது. கை வியர்வையில் இருக்கிற உப்பு. வெறும் இரும்பு அதைத் தாங்காது. அந்தப் பட்டறையில் பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டுதான் தகட்டைத் தொடுவார்கள். பெயிண்ட் அடித்துவிட்டால் தெரியாதே என்று நான் கேட்டேன். "மேல தெரியாது அண்ணி. உள்ள இருந்து தின்னும்," என்றாள். அந்த வயசில் அவ்வளவு பேச்சு.

அவளைக் கட்டிக்கொண்டவர் சாது. அவருக்கு ஒரே அண்ணன். அப்பா போகும்போது மேஜை நாற்காலிக் கடையை மூத்தவருக்கும் ஜீப்பை இளையவருக்கும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். பஸ் ஏறாத அந்த மேட்டு ரோட்டில் ஜீப் ஓட்டித்தான் இவர்கள் குடும்பம் நடந்தது. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்ததும் அந்த ஜீப்பை நம்பித்தான். அண்ணன் கிழித்த கோட்டை இவர் தாண்டமாட்டார். அண்ணன் எதிரே வந்தால் குடித்துக்கொண்டிருக்கிற டீயைக்கூடக் கீழே வைத்துவிடுவார்.

ஒருநாள் டயர் மாற்றும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவே இல்லை. பிடிமானம் இல்லாமல் நடக்க முடியாது, வண்டி ஓட்டவே முடியாது என்றாகிவிட்டது. ஜீப் ஒழுகுகிற கொட்டகையில் மழைக்கு மேல் மழையாக நின்றது. சும்மா நிற்கிற வண்டியைத் துரு சும்மா விடுமா? மட்கார்டு, கதவின் அடிப்பக்கம், தரை என்று எல்லா இடத்திலும் ஏறிவிட்டது.

மூத்தவர் ஒருநாள் வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"எதுக்கும்மா தனியா ஒரு வீடு? கடைக்குப் பின்னால ரூம் சும்மாத்தான் கிடக்கு. தம்பி கடைல உக்காரட்டும். நீ உங்க அக்காவோட சேர்ந்து சமையல்கட்டைப் பாத்துக்க. வண்டியை வந்த விலைக்குத் தள்ளி விட்டுடலாம்," என்றார். அக்கா என்று சொன்னது அவர் பெண்டாட்டியை.

"வண்டி ஓடும் பெரியத்தான்."

"ஓடட்டும். ஓட்டுறது யாரு?"

"நான்."

மூத்தவர் சிரித்தார். பிறகு தம்பியைப் பார்த்துச் சிரித்தார். தம்பி தரையைப் பார்த்தார்.

"சரிம்மா. பெயிண்ட் அடிச்சு ரோட்டுக்குக் கொண்டுவா. அப்புறம் பேசுவோம்," என்று எழுந்து போனார். அழுகிற குழந்தை கையில் சாவிக்கொத்தைக் கொடுக்கிற மாதிரி இருந்தது அவர் சொன்ன தோரணை.

எனக்கு அந்த மனுஷரைக் கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. சோறு போடத்தான் கூப்பிட்டார். ஆனால் அந்தச் சமையல்கட்டுக்குள் ஒருமுறை போனால் இவள் வெளியே வரமாட்டாள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஜீப் போனால் வீடு போச்சு, வீடு போனால் அவள் வாய் போச்சு.

மறுநாளே ஆரம்பித்தாள். கதவு, முன் கண்ணாடிச் சட்டம், பானட், மட்கார்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழலாத போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டாள். இன்ஜின் புருஷன் பொறுப்பு. அவர் உட்கார்ந்த இடத்திலேயே கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்துப் பூட்டிவிடுவார். இவள் ஸ்குரூடிரைவரின் கட்டையால் வண்டி முழுக்கத் தட்டிக்கொண்டே போவாள். நல்ல தகடு 'டங்' என்னும். துரு தின்ற இடம் 'பொத்' என்னும். 'பொத்' என்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி. கடைசியில் தரை முழுக்கப் பெருக்கல் குறிதான்.

பெயிண்ட் கழற்றும் மருந்தைப் பூசினால் பழைய பெயிண்ட் சுருங்கி எழும்பும். சுரண்டினால் பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் என்ன நிறம் என்றே சொல்ல முடியாத ஒன்று. அதற்குப் பிறகு கம்பிப் பிரஷ், அதற்குப் பிறகு உப்புத்தாள். இரும்பு வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்ததும் கையில் சாக்ஸ் ஏறிவிடும். மகள் விட்டுப்போன பூப்போட்ட சாக்ஸ்.

எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலில் நின்று, "என்னம்மா, கைக்குக் குளிருதா?" என்றார்.

"ஆமாண்ணே. நீங்க வாயைத் திறந்தே வெச்சிருக்கீங்கல்ல, காத்து வருது," என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வெல்டர் வரவேண்டும். வெல்டர் யார் என்றால் என் சித்தப்பா மகன்தான். நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் எப்போதும் நீர் ஒழுகும், அதனால் அழுமூஞ்சி என்று பேர். அவன் வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் மகளுக்குப் பிரசவ வலி முன்கூட்டியே வந்துவிட்டது என்று செய்தி வந்தது.

கிளம்புகிற அவசரத்திலும் அவள் வெறும் இரும்பாக இருந்த இடம் முழுக்க எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்தாள். தார்பாயை மூடிக் கயிற்றால் கட்டினாள். புருஷனிடம் வந்தாள்.

"யாரும் தொடக்கூடாது. நீங்களும் தொடாதீங்க."

"சரி."

"யாருன்னா யாரும்."

"அதான் சரின்னேனே."

நானும் அவளோடு போனேன். மகளுக்குப் பெண் குழந்தை. அழுகையைக் கேட்டவுடனே, "உப்புத்தாளோட பேத்திதான், சந்தேகமே இல்ல," என்றேன். தாயும் பிள்ளையும் தேறி எழுந்த பிறகு நாங்கள் திரும்பினோம்.

தெரு முனையிலேயே பார்த்துவிட்டோம். வாசலில் ஜீப் நிற்கிறது. கதவு, பானட் எல்லாம் பூட்டி, பாட்டில் பச்சையில் பளபளவென்று. முகம் பார்த்து அதில் தலை வாரலாம். பக்கத்தில் மூத்தவர், அவர் கடையில் மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர், சலவைச் சட்டை போட்ட ஒரு புது மனுஷர். இவள் புருஷன் திண்டாடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா வா," என்றார் மூத்தவர். நிஜமான சந்தோஷம் அந்தக் குரலில். "எப்படி இருக்கு? நீ தேய்ச்சது பாதியிலேயே நின்னு போச்சேன்னு நம்ம ஆளை விட்டு முடிச்சுட்டேன். சார் விடுதி நடத்துறாரு. பாத்த உடனே விலைக்குக் கேட்டுட்டாரு."

அவள் கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். மட்கார்டுக்கு மேலே குனிந்தாள். அம்மை கண்ட முகம் மாதிரி அங்கங்கே சின்னச் சின்னக் கொப்புளம்.

"இதைத் துடைச்சது யாரு?"

"நான்தான்க்கா," என்று பாலிஷ்காரர் முன்னால் வந்தார். "ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத் தண்ணி போட்டுக் கழுவிட்டேன். அப்புறம் ஈரத்துணியால ஒரு இழுப்பு. ஈரம் பட்டாத்தான் நார் எழும்பும், அதுக்கப்புறம் தேய்ச்சா மழமழன்னு வரும்."

"நாரா? இரும்புலயா?"

பாவம், அவர் மரத்தைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. மரத்துக்குச் செய்கிறதை அப்படியே இரும்புக்குச் செய்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. ஒரு கொப்புளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பெயிண்ட் பிய்ந்து பழுப்புத் தண்ணீர் வழிந்தது.

"தரை?"

"அதையும் அடைச்சாச்சுக்கா. சுண்ணாம்புப் பொடி, மரத்தூள், பசை. கடைல கட்டிலுக்குப் போடுற அதே பட்டிதான். கல்லு மாதிரி நிக்கும்."

அவள் வண்டியில் ஏறி மிதியடியை விலக்கி, குதிகாலால் ஒரு உதை விட்டாள். அப்பம் மாதிரி ஒரு துண்டு பெயர்ந்து ரோட்டில் விழுந்து உடைந்தது. அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு, வெளியில் நின்ற சலவைச் சட்டைக்காரரைப் பார்த்து ஆட்டினாள்.

"சார், பாத்தீங்களா நீங்க வாங்கப்போற வண்டியை? கையை விட்டா ரோடு வருது."

இதோடு முடிந்தது, ஆள் ஓடிவிடுவார் என்று நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள், முகத்தில் தெரிந்தது. அந்த மனுஷர் சிரித்தார்.

"ஓட்டை இருந்தா ரொம்ப நல்லதும்மா. நான் ஓட்டவா வாங்குறேன்? விடுதி வாசல்ல நிறுத்தி, உள்ள மண்ணைக் கொட்டிப் பூச்செடி வைக்கப்போறேன். தண்ணி வடியணும்ல."

மூத்தவர் சிரித்தார். பாலிஷ்காரர் சிரித்தார். எதிர்வீட்டுத் தையல்காரர் தெரு கேட்கச் சிரித்தார். என் நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையைப் போட்டு உடைத்தால் போதும் என்று நம்பி வந்தவளுக்கு, அந்த உண்மை யாருக்கும் வேண்டியதில்லை என்றால் என்ன செய்வாள்?

இறங்கினாள். வீட்டுக்குள் போனாள். நான் அழப்போகிறாளோ என்று பின்னாலேயே போனேன். அழவில்லை. பெயிண்ட் கழற்றும் மருந்து டப்பாவோடு என்னை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மூடியைத் திறந்து பானட் மேல் அப்படியே கவிழ்த்தாள்.

"ஏய், என்ன பண்ற!" என்று மூத்தவர் பதறினார்.

அந்தப் பளபளப்பு எங்கள் கண் முன்னாலேயே சுருங்கிச் சுருங்கி, கொதிக்கிற பாலின் ஆடை மாதிரி எழும்பியது. நெடி தூக்கியடித்தது. பாலிஷ்காரர், "என் பெயிண்ட்டு, என் பெயிண்ட்டு," என்று கையைப் பிசைந்தார்.

"இது பூந்தொட்டி இல்ல பெரியத்தான். என் வண்டி."

"உன் வண்டியா? எங்கப்பா வாங்கின வண்டி. அவர் தம்பிக்குக் கொடுத்த வண்டி. அவன் சொல்லட்டும், விக்கவேணாம்னு." மூத்தவர் தம்பி பக்கம் திரும்பினார். "டேய், சொல்றா. ஒரே வார்த்தை. நீ என்ன சொல்றியோ அதுதான்."

தெருவே அந்த நாற்காலியைப் பார்த்தது. அண்ணன் சொல்லித்தானே தார்பாய்க் கயிற்றை அவிழ்க்கவிட்டார், இப்போது மட்டும் என்ன வாய் திறக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். என் நாத்தனார் அவரைப் பார்க்கவே இல்லை. காலி டப்பாவைப் பிடித்துக்கொண்டு பானட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து நிற்கவே அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. அண்ணனைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார்.

"அந்த சாக்ஸ் எங்க வெச்ச?" என்றார்.

"எதுக்கு?"

"மருந்து ஊத்திட்டியே. காயறதுக்குள்ள சுரண்டவேணாமா?"

அவள் அப்போதுதான் அவரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, நெடியாகவும் இருக்கலாம். ஆனால் வாய் மட்டும் மாறவில்லை.

"இதுக்கு சாக்ஸ் ஆகாது. மருந்து கையைப் பொசுக்கிடும். ரப்பர் உறை ஜன்னல்ல கிடக்கு, மாட்டிட்டு வாங்க."

அவர் சுவரைப் பிடித்தபடியே போய் மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுரண்ட ஆரம்பித்தார். சலவைச் சட்டைக்காரர் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. மூத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "இனிமே இந்த வாசலை மிதிக்கமாட்டேன்," என்று போனார்.

"வாசல் இங்கதான் இருக்கும் பெரியத்தான். துரு பிடிக்காது," என்று இவள் பின்னாலிருந்து சொன்னாள்.

எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. அழுமூஞ்சி வந்து தரையை வெட்டி எடுத்தான், நல்ல இரும்பு வரும்வரை வெட்டு என்று இவள் தலைமேல் நின்றாள். "நல்ல இரும்பு வர்றதுக்குள்ள வண்டியே முடிஞ்சிடும் போலிருக்கே," என்று அவன் முனகினான். புதுத் தகடு வைத்து, தண்ணீர் தேங்காமல் வடிய மூலையில் துளை போட்டார்கள். தகடும் தகடும் சேர்கிற இடுக்கில் அடைப்புப் பசை. கைபோகாத சட்டத்துக்குள் மெழுகையும் எண்ணெயையும் காய்ச்சி ஊற்றினாள், டிரங்குப் பெட்டி மடிப்புக்கு அவள் அப்பா ஊற்றுவாரே அது மாதிரி. நல்ல வெயில் நாளாகப் பார்த்துத் துரு எடுக்கும் மருந்து போட்டுத் துடைத்து, தின்னரால் ஒரு துடைப்பு. அன்று பொழுது சாய்வதற்குள் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கையில் பூப்போட்ட சாக்ஸோடு பிரைமர் அடித்து முடித்துவிட்டார்கள். அன்று தையல்காரர் வாயைத் திறக்கவில்லை.

மேலே என்ன நிறம் தெரியுமா? சாம்பல். அப்பா பெட்டிக்கு அடித்த அதே மங்கின சாம்பல். பளபளப்பே கிடையாது.

"என்னடி இது, யானை மாதிரி இருக்கு," என்றேன்.

"ஏறுறதுக்குத்தானே அண்ணி," என்றாள்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து புருஷன் சொல்லச் சொல்ல ஓட்டப் பழகினாள். கியர் மாற்றும்போது வருகிற சத்தத்துக்கு அவர் பல்லைக் கடிப்பார், வாயைத் திறக்கமாட்டார். அப்புறம் மேட்டு ரோட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழங்கள், சிமென்ட் மூட்டை எல்லாம் அவள் வண்டியில்தான் ஏறியது. கடைக்குப் பின்னாலிருந்த ரூம் சும்மாவே கிடந்தது. மூத்தவர் பெண்டாட்டிகூடப் புருஷனுக்குத் தெரியாமல் ஏறி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு போவாள். மூத்தவர் மட்டும் ஏறவில்லை. வழியில் வண்டியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவள் ஹாரனை அழுத்திவிட்டுப் போவாள்.

ஒரு மழை நாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மேட்டு ரோட்டில் பாதி வழியில் மூத்தவரின் சாமான் வண்டி சேற்றில் புதைந்து நிற்கிறது. அவர் ஒரு கட்டில் பலகையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நனைகிறார். இவள் வண்டியை நிறுத்தினாள். கதவைத் திறந்து பிடித்தாள். அவர் பலகையைப் போட்டுவிட்டு ஏறி முன்னால் உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. பெரிய பள்ளம், தண்ணீர் இரண்டு பக்கமும் அடித்துத் தெறித்தது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அத்தனை பெரிய மனுஷர் இரண்டு முழங்காலையும் மடக்கி, இரண்டு காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பழைய வழக்கம்.

என் நாத்தனாரும் பார்த்துவிட்டாள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"பெரியத்தான், காலைக் கீழ வைங்க."

அவர் ஒரு காலை மெதுவாக இறக்கினார். நுனியால் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு கால்.

"நல்லா அழுத்தி வைங்க," என்றாள்.

அவர் அழுத்தி ஒரு மிதி மிதித்தார். 'டங்' என்றது.